உப்பிட்டவர்கள்

1858 ஏப்ரலில் அந்தமான் கைதிக் குடியேற்றத்திலிருந்து 90 பேரோடு தப்பியோடியவர் தூத்நாத் திவாரி. சிப்பாய்க் கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக ஆயுள் தண்டனை பெற்ற சிப்பாய். காட்டில் கூட வந்தவர்களில் பெரும்பாலோர் பட்டினிக்கும் பழங்குடியினரின் அம்புக்கும் பலியானார்கள். காயத்தோடு கிடந்த திவாரிக்கு அந்த மக்களே உயிர்ப்பிச்சை கொடுத்தார்கள். தலையை மழித்து, உடம்பில் களிமண் பூசித் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். லீபா என்ற பெண்ணையும் கட்டிவைத்தார்கள். 1859 மே மாதம் அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கத் திரண்டபோது, திவாரி முந்தி ஓடி வெள்ளையரிடம் சேதி சொன்னார். துப்பாக்கிகள் தயாராகிவிட்டன. 1860இல் அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது.

துரோகி என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால், சாகவிருந்தவர்களில் அநேகர் அவரைப் போன்ற கைதிகள்; காடு வெட்ட அவர்கள் விரும்பி வரவில்லை. அவர்களைக் காப்பாற்றக் கூடாதா?

இந்த வாதம் கனமானதுதான். ஆனால் அதற்கு முந்தைய மாதம், 1859 ஏப்ரலில் நடந்த தாக்குதல் அதை அசைக்கிறது. காலில் விலங்கு பூட்டியிருந்தவர்களை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, விலங்கில்லாத மேஸ்திரிமாரையே அந்தமானியர் தேடித் தாக்கினார்கள். நம் மலையகத் தோட்டத்துப் பேச்சில் சொன்னால், கங்காணிமாரை. யார் அடிப்பவன், யார் அடிபடுபவன் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓராண்டு அவர்களோடு இருந்து உண்டவருக்குத் தெரியாமலா போயிருக்கும்?

பக்கம் மாறுவதே பாவம் என்றும் சொல்வதற்கில்லை. இலங்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு: பண்டாரவளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியா போகிற பாதையில் கெப்பெட்டிபொல என்று ஓர் ஊர் வரும். அந்தப் பெயருக்குரிய ஊவா திசாவையை (மாகாணத் தலைவரை), 1817இல் தங்களுக்கு எதிராக எழுந்த கலகத்தை அடக்கத்தான் ஆங்கிலேயர் அனுப்பினார்கள். அவர் கலகக்காரரோடு சேர்ந்தார். ஆனால், கொடுத்தனுப்பிய துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பது வரலாறு. ஒருவர் தந்ததைக் கொண்டு அவரையே அடிக்க மனம் வரவில்லை. 1818 நவம்பரில் தலையைக் கொடுத்தார்.

திவாரிக்குக் கிடைத்தது துப்பாக்கி அல்ல, நம்பிக்கை. எந்த வழியாக, எப்போது வருவார்கள் என்பது அந்த நம்பிக்கையால் அவர் காதில் விழுந்தது. அதையே விலையாக்கினார். பயத்தால் ஓடிவந்து வாய் திறக்காமல் இருந்திருந்தால், அவரை இவ்வளவு தூரம் விசாரிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று: நமக்குத் தெரிந்த கதையில் பெரும்பகுதி, திரும்பி வந்தபின் திவாரியே அதிகாரிகளிடம் சொன்னது. அவர் விட்டுவந்தபோது லீபா கர்ப்பிணி. மன்னிப்பு அவருக்குக் கிடைத்தது; அவளுக்கு?