கசிந்த படத்தை என்ன செய்வது?

பெரிய நடிகர் ஒருவரின் படம் தயாராகிக்கொண்டிருக்கிறது. படப்பிடிப்பிலிருந்து ஒரு புகைப்படம் கசிந்து கைபேசிக்குக் கைபேசி தாவுகிறது. மும்பை மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டிலோ, மகாராஷ்டிரா நகரிலோ, பக்கத்தில் சீட்டா கேம்பிலோ தமிழ்ப் பையன்கள் நாலு பேர் கூடினால் அன்றிரவு பேச்சு அதுதான். "ஒரிஜினல்தான் மச்சான், மீசையைப் பாரு." "எடிட்டுடா அது. கழுத்துக்கிட்ட ஜூம் பண்ணு." நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கையில் விரல்கள் ஐந்துதானா, பின்னாலிருக்கும் கடைப் பலகையில் எழுத்து எழுத்தாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அலசுவார்கள். செயற்கை நுண்ணறிவு வரையும் படங்களில் தமிழும் மராத்தியும் பல நேரம் வெறும் கிறுக்கலாகிவிடும். இரண்டையும் வாசிக்கத் தெரிந்த மும்பைப் பையனுக்கு அது ஒரே பார்வையில் பிடிபடும்.

வாதம் ஓய்வதற்குள் அந்தப் படம் இன்னும் பல குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். "உண்மையா சொல்லுங்க" என்ற குறிப்போடு அனுப்பியவர்களே அதிகம். மெய்யா பொய்யா என்று கேட்பதற்காக என்றாலும், அடுத்தவருடைய முடியாத வேலையை ஊரெங்கும் கொண்டுபோகலாமா? ரசிகர்களின் வாதத்தில் அடிக்கடி விட்டுப்போகும் கேள்வி இது.

மெய்யையும் பொய்யையும் பிரித்துச் சொல்வதில் மும்பைத் தமிழருக்குத் தனியான பங்கு உண்டு. தாராவித் தமிழரின் கதையான பா. இரஞ்சித்தின் 'காலா' அதற்குச் சரியான சாட்சி. 2017 மே மாதம் அதன் முதல் பார்வை வெளியானது. ரஜினிகாந்த் ஜீப்பின் மேல் அமர்ந்திருந்தார். வண்டி எண்ணில் 'பிஆர் 1956' என்று இருந்ததை ரசிகர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பிஆர் என்பது அம்பேத்கரின் முதலெழுத்துகள், அவர் பௌத்தம் தழுவியதும் மறைந்ததும் 1956ஆம் ஆண்டு. படம் திரைக்கு வர ஓராண்டுக்கு மேல் இருந்தபோதே அதன் அரசியலை ஓர் எண் பலகையிலிருந்து படித்துவிட்டார்கள். அதே மே 28ஆம் தேதி மும்பையில் படப்பிடிப்பு தொடங்கியது. தளத்தில் கைபேசியில் எடுத்த காட்சிகளும் பரவத் தொடங்கின. அசல் தாராவியில் எடுத்ததா, சென்னையை ஒட்டிய ஈவிபி வளாகத்தில் கலை இயக்குநர் ராமலிங்கம் எழுப்பிய தாராவியில் எடுத்ததா என்று சொல்லத் தகுதியானவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள்தான். பத்ரா என்னும் தகரக் கூரை மேல் எதை வைத்து அழுத்துவார்கள், தண்ணீர் டிரம் வாசலின் எந்தப் பக்கம் நிற்கும், மாடிக்கு ஏறும் இரும்பு ஏணி எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்பதெல்லாம் சென்னை ரசிகருக்குத் தெரியாது. 1987இல் வந்த 'நாயகன்' படத்துக்கும் தோட்டா தரணி தாராவியைச் சென்னையில்தான் கட்டினார். அந்தப் படத்தின் கலை இயக்கம் அவருக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்தது.

எனவே, படப்பிடிப்பில் எடுத்த படங்களையெல்லாம் திருட்டு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதை ஏற்க முடியாது. சீட்டா கேம்ப் மக்கள் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டபோது அங்கிருந்து பெயர்க்கப்பட்டவர்கள். லல்லுபாய் காம்பவுண்டில் இருப்பவர்களில் பலர் ரயில்பாதையோரக் குடிசைகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். இப்படிப்பட்ட குடியிருப்புகளைப் படம் பிடிக்க எத்தனையோ கேமராக்கள் வந்து போயிருக்கின்றன. உள்ளே வசிப்பவரிடம் "எடுக்கலாமா" என்று கேட்டவை மிகக் குறைவு. தன் கல்லிக்குள் லைட்டும் ஜெனரேட்டரும் வந்து வழியை அடைத்து நிற்கும்போது, மாடிச் சன்னலிலிருந்து தன் கைபேசியில் அதை எடுக்கும் பெண்மணியிடம் "நீ திருடுகிறாய்" என்று சொல்லும் தகுதி எந்தத் தயாரிப்பாளருக்கும் கிடையாது. அவர் பார்த்தது அவருடைய தெரு. அதைத் தங்கைக்கு அனுப்பி மகிழ்வதில் குற்றம் எதுவும் இல்லை.

படப்பிடிப்புக்குள் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்பவர், அல்லது படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர், நம்பிக் கொடுத்த பொருளை வெளியே விடும்போது கதை முற்றிலும் வேறு. 2016 நவம்பரில் 'பாகுபலி 2' படத்தின் போர்க்காட்சி கசிந்த வழக்கில் கைதானவர் கிராஃபிக்ஸ் பணியில் இருந்தவர். அது துரோகம், வேறு பெயர் அதற்கில்லை. 2024 செப்டம்பரில் 'கூலி' படத்தில் நாகார்ஜுனா நடித்த காட்சி ஒன்று கசிந்தபோது, ஒரே ஒரு பதிவினால் பலருடைய இரண்டு மாத உழைப்பு வீணானதாக இயக்குநர் லோகேஷ் கனகராஜ் வருந்தி எழுதினார். 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' வருவதற்கு இரண்டு நாள் முன்பும் அவர் இதே வேண்டுகோளை வைக்க நேர்ந்தது. பலர் என்று அவர் சொன்னதில் நடிகர் ஒருவர்தான். மற்றவர்கள் சண்டைக் கலைஞர்கள், லைட்மேன்கள், ஆர்ட் டிபார்ட்மெண்ட் ஆட்கள், கிராஃபிக்ஸ் அறையில் இரவு பகல் பாராமல் உட்கார்ந்த பிள்ளைகள். கோடி ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு ஒரு படம் கசிந்ததால் பெரிய நட்டமில்லை என்ற வாதத்தை ரசிகர்கள் சொல்வதுண்டு. நட்டம் அவருக்கு இல்லாமல் போகலாம். ஒரு மாதம் உழைத்துச் செய்த வேலை, முடியாத நிலையில், வண்ணச் சீரமைப்பும் இசையும் இல்லாமல் கைபேசியின் சிறு திரையில் சிரிப்புக்கு ஆளாவதைப் பார்க்கும் தொழிலாளிக்கு அது நட்டம்தான்.

சட்டம் இதில் பாதி தூரம்தான் வருகிறது. 2023இல் திருத்தப்பட்ட சினிமாட்டோகிராஃப் சட்டம் திரையரங்கில் கள்ளத்தனமாகப் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை அபராதமும் விதிக்கிறது. காப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. ஆனால் வந்த படத்தை "ஒரிஜினலா பாருங்க" என்று முன்னனுப்பும் கோடிக்கணக்கான விரல்களை எந்தச் சட்டமும் பின்தொடரப் போவதில்லை. அந்த விரலைத் தடுக்க வேண்டியது அதற்குரியவரின் மனம்தான்.

தயாரிப்புத் தரப்பின் நேர்மையையும் நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும். கசிந்த படம் உண்மையாக இருந்தும் "போலி" என்று மறுப்பது உலகெங்கும் நடக்கிறது. 2021இல் ஸ்பைடர்மேன் படத்தில் பழைய நடிகர் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் திரும்பி வருகிறாரா என்று ரசிகர்கள் மாதக்கணக்கில் வாதிட்டார்கள். படப்பிடிப்பில் எடுத்ததாக ஒரு படம் வெளிவந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேட்டபோது அது போட்டோஷாப் என்றார் அவர். டிசம்பரில் படம் வந்தது. அவரும் அதில் இருந்தார். வியப்பைக் காக்கச் சொன்ன சின்னப் பொய் என்று பலர் மன்னித்துவிட்டார்கள். அவ்வளவு எளிதாக மன்னிக்கக் கூடாது. சரியாகக் கணித்த ரசிகனை அந்த மறுப்பு முட்டாளாக்கியது. கண்ணால் கண்ட ஆதாரத்தை நம்பாதே, பிரபலமானவர் வாய்மொழியை நம்பு என்று இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. "அதைப் பற்றிப் பேச மாட்டேன்" என்று சொல்லியிருந்தாலே இரகசியமும் காப்பாற்றப்பட்டிருக்கும், வாய்மையும் காப்பாற்றப்பட்டிருக்கும். படத்தைப் பற்றிய ஆவலைத் தூண்டத் தானே படங்களைக் கசியவிட்டு, பிறகு வருத்தம் தெரிவிக்கும் நிறுவனம் இருக்குமானால், அது பொய்யோடு சேர்த்துத் தன் ஊழியர்கள் மீது சந்தேகத்தையும் விதைக்கிறது.

ஆனாலும் மறைப்பவரின் பொய் பரப்புபவருக்கு உரிமச் சீட்டாகாது. 'காலா' டீசரின் கதையை நினைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச் 1 அன்று வெளியாகியிருக்க வேண்டியது அது. பிப்ரவரி 28ஆம் தேதி காஞ்சி ஜெயேந்திரர் மறைந்ததால், மரியாதைக்காக ஒரு நாள் தள்ளிவைப்பதாகத் தயாரிப்பாளர் தனுஷ் அறிவித்தார். அந்த ஒரு நாளைப் பொறுக்க முடியாமல் யாரோ கசியவிட்டார்கள். பிறகு நள்ளிரவிலேயே அதிகாரபூர்வமாக வெளியிட வேண்டியதாயிற்று. அதில் பணம் எவ்வளவு போனது என்பது முக்கியமில்லை. ஒரு மரணத்துக்காக ஒருவர் ஒத்திவைத்ததை, ஆவல் என்ற ஒரே காரணத்துக்காக ஊரே சேர்ந்து மீறியது. ரசிகர் என்ற சொல்லுக்கு அன்று யாரும் பெருமை சேர்க்கவில்லை.

படம் போலியென்று தெரிந்தால் பழி குறைந்துவிடுமா? குறையாது, சில நேரம் கூடும். ஆசையில் செய்த ஃபேன் மேட் போஸ்டர் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் அது கலை. அதையே கசிந்த படம் என்று சொல்லி விடும்போது அது ஏமாற்று. 2023 நவம்பரில் வேறொரு பெண்ணின் உடலில் ரஷ்மிகா மந்தனாவின் முகத்தைப் பொருத்திய காணொளி பரவியது. அடுத்த ஜனவரியில் டெல்லிக் காவல்துறை கைது செய்தவர், ரஷ்மிகாவுக்கு ரசிகர் பக்கம் நடத்தியவர். பின்தொடர்வோரைக் கூட்டவே இதைச் செய்தார் என்றது காவல்துறை. அன்பு என்ற பெயரில் தொடங்கியது எங்கே போய் நின்றது என்று பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. நடிகைக்கு மட்டுமா அவமானம்? யாருடைய உடலோ அந்தப் பெண்ணுக்கும்தான்.

ஆகவே படம் மெய்யானாலும் பொய்யானாலும் அதைப் பரப்பும் செயலுக்கு நியாயம் கிடைப்பதில்லை. அப்படியென்றால் அந்த இரவு வாதமே வீணா? வீணில்லை. நிழலையும் எழுத்தையும் எண் பலகையையும் பார்க்கும் அந்தக் கண் அரிய திறமை. வருத்தமெல்லாம், அது சினிமாவோடு நின்றுவிடுகிறதே என்பதுதான்.

'காலா' 2018 ஜூன் 7 அன்று திரைக்கு வந்தது. அந்தக் கோடையில் வேறொரு படமும் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்தது. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போகும் காணொளி அது. உண்மையில் அது கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுத்த நடிப்பு. குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு வாசகப் பலகையைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டியிருந்தார்கள். வெட்டி ஒட்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதில் தேர்ந்த ரசிகர்கள் நாடெங்கும் இருந்தார்கள். ஆனாலும் பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தி ஊர் ஊராகப் பரவியது. மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கும்பிடப் போய் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்துக் கொன்றார்கள். ஜூலை 1 அன்று இதே மகாராஷ்டிரத்தில், துளே மாவட்டம் ரயின்பாடாவில், பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து ஆண்களைச் சந்தைக்கு வந்த கூட்டம் அடித்துக் கொன்றது. அந்த மாதமே வாட்ஸ்அப், ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி செய்தது.

வடாலாவில் வண்டி மாறி, கிங்ஸ் சர்க்கிள் இறங்கி, அரோரா திரையரங்கில் முதல் நாள் முதல் காட்சிக்குப் போய் நிற்கும் தம்பிகளிடம் கேட்பது இதுதான். அடுத்த படம் கசிந்து உங்கள் கைக்கு வந்தால் நண்பனிடம் வாதாடுங்கள், அனுப்பாமல் அழித்துவிடுங்கள். வீட்டில் அம்மாவின் கைபேசிக்குப் பிள்ளை பிடிப்பவர் என்றோ, இன்ன சாதியார், இன்ன மதத்தார் இதைச் செய்தார் என்றோ ஒரு காணொளி வந்தால், அதை வாங்கி, மீசையை ஜூம் செய்த அதே அக்கறையோடு கடைசி வரை பார்த்துவிட்டு, அவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்.