தோன்றா எழுவாய்

சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இன்று எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. குப்பையை வீட்டிலேயே பிரிக்கவும். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, மறுசுழற்சிக்குக் கொடுக்கவும். காய்கறித் தோலைத் தொட்டியில் போட்டு உரமாக்கவும். குழந்தைக்கு டயப்பரைத் தவிர்த்துத் துணி கட்டவும். பாத்திரம் துலக்கப் பூந்திக்கொட்டையை ஊறவைக்கவும்.

இவற்றில் எதுவும் தவறான யோசனை இல்லை. ஆனால் எந்த வாக்கியத்திலும் எழுவாய் இல்லை. வாக்கியத்தில் வெளிப்படையாக நில்லாமல் வினையிலிருந்து உய்த்துணரப்படும் எழுவாயை இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்போம். பிரிப்பது யார், கழுவுவது யார், ஊறவைப்பது யார் என்று இந்தப் பட்டியல் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, இந்த எழுவாயை எண்ணால் காட்டியது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்டார்கள். ஆண்களில் 26 பேர். ஈடுபட்ட பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டாள். ஈடுபட்ட ஆண் 97 நிமிடங்கள். பசுமைப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் இந்த 299-இன் மீதுதான் வந்து ஏறுகிறது. உரத்தொட்டியில் ஈரம் மிகுந்தால் நாற்றமெடுக்கும், புழு வைக்கும். காய்ந்த இலை சேர்க்க வேண்டும், நாள் பார்த்துக் கிளற வேண்டும். துணியென்றால் அலசி, துவைத்து, வெயில் பார்த்துக் காயப்போட வேண்டும். மின்சாரமும் பிளாஸ்டிக்கும் மிச்சமாகிற இடத்தில் ஒரு பெண்ணின் நேரம் செலவாகிறது. நேரம் மட்டும் எந்தக் கணக்கிலும் வளமாக எழுதப்படுவதில்லை.

இந்த இடத்தில் பலரும் பாட்டியைத் துணைக்கு அழைக்கிறார்கள். அந்தக் காலத்தில் குப்பையே கிடையாது என்கிறார்கள். உண்மைதான். அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரத்துக்கு, கழனித்தண்ணீர் மாட்டுக்கு, பழைய சேலை தொட்டிலுக்கு. ஆனால் அந்தச் சாம்பல் வருவதற்கு முன் விறகுப் புகை அவள் நெஞ்சுக்குள் போனது. மாதவிடாய்த் துணியை அவள் வெயில் படாத மூலையில், வேறொரு துணிக்கு அடியில் காயவைத்தாள். துணி நலமாக இருக்க வெயில் வேண்டும். வீட்டின் மானத்துக்கோ நிழல் வேண்டியிருந்தது. இன்று துணிக்குத் திரும்புங்கள் என்று நமக்கு அறிவுரை சொல்கிறவர்கள், அதை மொட்டைமாடிக் கொடியில் எல்லோர் கண்ணிலும் படக் காயப்போடச் சம்மதிப்பார்களா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்படின்னா நேரமில்லாத பெண் குப்பையைப் பிரிக்காம விட்டுடலாமா, மேம்?” நேர்மையான கேள்வி. விடலாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. நான் பிரிக்காமல் விட்ட குப்பை காற்றில் கரைந்துவிடுவதில்லை. உடைந்த கண்ணாடியும் அழுகிய சோறும் ரத்தம் தோய்ந்த நாப்கினும் ஒன்றாய்க் கலந்த வாளி, தெருமுனையில் ஒரு தூய்மைப் பணியாளரின் கைக்குப் போகிறது. அந்தக் கை பெரும்பாலும் தலித் மக்களின் கை. பல தெருக்களில் அது ஒரு பெண்ணின் கை. என் ஓய்வை அவளுடைய காயத்தில் பெறுவது விடுதலை ஆகாது. சாதி அவள்மேல் சுமத்திய வேலையை நான் இன்னும் கொடியதாக்குகிறேன், அவ்வளவுதான்.

ஆகவே கடமை மெய்யானது. அது யாருடையது என்பதுதான் கேள்வி. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதில் நம் அறிவுரைகளைவிடத் தெளிவாக இருந்தன. பிரிக்க வேண்டியவர் கழிவை உருவாக்குபவர் என்றன அவை. மனைவி என்றோ மருமகள் என்றோ சொல்லவில்லை. நாப்கினைச் சுற்றி எறிய உறை தரும் பொறுப்பை அதைத் தயாரிப்பவர்மேல் வைத்தன. சட்டத்தில் எழுவாய் இருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டியதும் அது மறைந்துவிடுகிறது.

அதனால் ஒவ்வொரு பசுமை யோசனையிடமும் நான் கேட்பது இதைத்தான்: நீ யாருடைய நேரத்தைக் கேட்கிறாய்? தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. உற்பத்தியிலும் விற்பனையிலும் இத்தகைய தடைகள் உறுதியாக நடக்கும் அளவுக்கு, அடுக்களையில் கழுவிப் பிரிக்க வேண்டியது குறைகிறது.

வீட்டுக்குள்ளேயும் பூமியின் நலமும் பெண்ணின் ஓய்வும் ஒன்றுசேரும் இடங்கள் உண்டு. சட்டைக்கு இஸ்திரி போடாமல் விட்டால் மின்சாரமும் மிச்சம், அவள் கையும் மிச்சம். மூன்று கறிக்குப் பதில் ஒன்று வைத்தால் எரிவாயுவும் குறையும், துலக்க வேண்டிய பாத்திரமும் குறையும். நேற்றைய சோற்றில் நீரூற்றி வைத்துக் காலையில் சாப்பிட்டால் அடுப்பே வேண்டாம். ஆனால் இவை பட்டியலில் முதலில் வருவதில்லை. ஏனென்றால் இவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் அவர். கசங்கிய சட்டையோடு அலுவலகம் போக வேண்டியவர், சுடச்சுடக் கேட்காமல் இருக்க வேண்டியவர்.

இதைப் படிக்கிற மாணவிகளிடம் உரத்தொட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குவதற்கு முன், அதைக் கிளறப்போவது யார் என்று வீட்டில் எல்லோரும் இருக்கும்போது உரக்கக் கேளுங்கள். தம்பி செவ்வாய், அப்பா வியாழன் என்று பெயர் போட்டுச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவர்கள் மறந்துபோனால் நினைவூட்டும் வேலையையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள். தொட்டி நாறட்டும். அந்த நாற்றம் பெயர் எழுதியவரைத் தேடிப் போகட்டும்.