யாருக்கு எழுதியது அந்தக் கல்?

பரமத்தி வேலூரிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் கரூர் மாவட்டத்து வேலாயுதம்பாளையம். அங்கே புகழூர் ஆறுநாட்டார் மலையில் தமிழ்-பிராமி எழுத்துகள் இருக்கின்றன. செங்காயபன் என்ற மூத்த சமணத் துறவி தங்குவதற்காக, இளங்கடுங்கோ இளவரசனானபோது கல்லை வெட்டிக் கொடுத்த செய்தி அது. தாத்தா, அப்பா, மகன் என்று சேரர் மூன்று தலைமுறை அதில் வருகிறது. ஏறத்தாழ 1,800 ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய எழுத்து. அதை இல்லாமல் ஆக்க ஒரு டப்பா பெயிண்டும் பத்து நிமிஷமும் போதும்.

இப்படிப்பட்ட குகைத்தளங்களில் காதலியின் பெயரைக் கீறிவிட்டுப் போகிறவர்களைத் திட்டுவது சுலபம். சட்டமும் அவர்கள் பக்கம் இல்லை. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டம், 2010 திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது. நம்மைச் சங்கடப்படுத்த வேண்டியவர் வேறொருவர். அவர் கெட்டவர் இல்லை. பக்தியோடு வருகிறார், சொந்தப் பணத்தைக் கொண்டு வருகிறார்.

கும்பாபிஷேகம் நெருங்கும். திருப்பணிக் குழு கூடும். கருங்கல் தரைமேல் டைல்ஸ் ஏறும், சிற்பத்தின் மேல் எனாமல் பெயிண்ட் ஏறும். சில கோவில்களில் மணல்வீச்சும் நடந்தது. அழுத்தத்தில் மணலை அடித்தால் அழுக்கு போகும். கூடவே கல்லின் மேல்தோல் போகும், கல்வெட்டும் மழுங்கும். பிறகுதான் அதற்குத் தடை வந்தது. இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் 36,000-க்கும் மேற்பட்ட கோவில்கள் உள்ளன. பெரும்பாலானவை தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. அங்கெல்லாம் காவல், ஊர்க்காரர்களின் மனசுதான்.

“ஏனுங்க, சாமி இருக்கற எடம் பாழடைஞ்சே கெடக்கோணுமா?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்தக் கேள்வி நியாயமானது. கோவில் மியூசியம் இல்லை. விளக்கெரிந்து, எண்ணெய் வழிந்து, ஆட்கள் நடமாடுவதால்தான் அது உயிரோடு இருக்கிறது. சோழர்களும் பழைய செங்கல் கோவில்களைப் பிரித்துவிட்டுக் கற்றளி கட்டியவர்கள்தான். அவர்களுக்கு இருந்த உரிமை நமக்கு மட்டும் கிடையாதா?

உண்டு. ஆனால் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 10-ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோவிலைக் கல்லால் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டச் செய்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்போடு. யாரோ எப்போதோ கொடுத்த நிலமும் விளக்கும் தன் திருப்பணியில் தொலைந்துவிடக் கூடாது என்ற கவனம் அது. கட்டடத்தை மாற்றினார், கணக்கை அழிக்கவில்லை.

1877-இல் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் பழைய கட்டடங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அவரும் எதிர்த்தது இடிப்பவர்களை மட்டுமல்ல. தேவாலயங்களைப் ‘புதுப்பிக்கிறோம்’ என்று சுவரைச் சுரண்டியவர்களையும்தான். அன்பு கையில் உளியோடு வரும்போது யாரும் தடுப்பதில்லை.

நம் தானக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் ஒரு வழக்கம் உண்டு. இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்று கொடையாளி சொல்வார். அரசனும் அப்படிச் சொல்லியிருக்கிறான். யாருடைய பாதம்? இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத ஒருவருடையது. அதாவது நம்முடையது. முன்கூட்டியே நம்மை வணங்கி வைத்த வரியை, ‘உபயம்’ என்று நம் பெயர் போட்ட டைல்ஸுக்கு அடியில் புதைக்கிறோம்.

கோவில் நம்முடையதுதான். புழங்க உரிமை உண்டு, பழுது பார்க்கவும் உண்டு. நமக்கு முன்னால் பேசியவரின் வாயை அடைக்கும் உரிமை மட்டும் கிடையாது, ஏனென்றால் அவர் பேசியது நம்மிடம் மட்டும் இல்லை. அடுத்த முறை உங்கள் ஊரில் திருப்பணி நோட்டீஸ் அடிப்பதற்குள் குழுவிடம் ஒன்று கேளுங்கள்: “சுவத்துல எழுத்து இருக்குதுங்களா? மைப்படி எடுத்தாச்சுங்களா?”