பங்குக் குதிரையும் பங்கிலா அறமும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைநாட்டுக் கடற்றுறை ஒன்றில் மரக்கலங்கள் குதிரைகளைக் கொணர்ந்த செய்தியைக் கூறும். அத்துறை மாமல்லபுரமே எனக் கொள்வாரும் உளர். அங்கிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் வழியில் உள்ளது திருக்கழுக்குன்றம். குதிரை வாங்கப் பாண்டியன் அளித்த பொருளைத் திருப்பணிக்காக்கிய மணிவாசகப் பெருமான் பதிகம் அருளிய தலம் அது. பண்டு செங்கற்பட்டு மாவட்டத்துச் சைதாப்பேட்டை வட்டத்தின்பாற்பட்டிருந்த கிண்டியிலோ, 1777 முதற் குதிரைப் பந்தயம் நிகழ்ந்ததென்பர். 1896-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் தோன்றிற்று. 2024 செப்டம்பரில் தமிழக அரசு நிலக் குத்தகையை நீக்கித் திடலைக் கைக்கொண்டது.

திடல் பூட்டப்படினும் குதிரையுடைமை பற்றிய வினா ஒழிந்திலது. பெங்களூர், ஐதராபாத்து, மும்பை முதலிய நகரங்களிற் பலர் கூடி ஒரு பந்தயக் குதிரையைப் பங்காக உடைமை கொள்வது இன்றும் உண்டு. அஃது அறத்தோடு பொருந்துமோ, பொருந்துமேல் எவ்வாற்றான் என்பது ஈண்டு ஆராயப்படும். பந்தயத்திற் பணம் வைத்தல் வேறொரு பொருள். அது திறமையின்பாற்பட்ட ஆட்டமென 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தமையும் சட்டம் பற்றியதேயன்றி அறம் பற்றியதன்று. ஈண்டு எடுத்துக்கொண்டது குதிரையும் அதன் உடையாருமே.

முதற்கண் பங்குடைமையின் நன்மைகளைக் கூறுதும். செட்டிநாட்டு எம். ஏ. எம். இராமசாமி போன்ற பெருஞ்செல்வர் தனியொருவராகவே பல குதிரைகளைப் பேண வல்லராயினர். ஏனையோர்க்கு அஃது இயலாது. தீனி, குதிரைக்காரர் கூலி, பயிற்றுநர் ஊதியம், இலாடம், மருந்து ஆகிய செலவுகள் குதிரை ஓடினும் ஓடாவிடினும் திங்கள்தோறும் வருவன. பதின்மர் கூடின், ஒருவர்மேல் விழுவது பத்திலொன்றே. குதிரை தோற்பினும் குடும்பம் கெடாது. ஒருவர் வறுமையுறின் எஞ்சியோர் குதிரையைத் தாங்குவர். ஒருவர் பேராசையால் நொண்டும் குதிரையை ஓட்டக் கருதின் மற்றையோர் தடுக்கவும் கூடும். இவையெல்லாம் மெய்யே, மறுத்தற்கில்லை.

இனித் தீமையை நோக்குக. பலர்க்கு உரியது ஒருவர்க்கும் உரியதன்றாய்ப் போதல் உலகியல்பு. 1981-ஆம் ஆண்டு இங்கிலாந்து டெர்பிப் பந்தயத்தில் வென்ற ஷெர்கார் என்னும் குதிரையை, இனப்பெருக்கத்தின் பொருட்டு நாற்பது பங்குகளாக்கினர். பங்கொன்றுக்கு விலை 2,50,000 பவுன். முன்னை உடையாராகிய ஆகாகான் ஆறு பங்கே வைத்துக்கொண்டார். 1983 பிப்ரவரியில் அயர்லாந்தில் அக்குதிரையைக் களவாடிய கூட்டத்தார் மீட்புப்பணம் வேண்டினர். ஆயின் தனியே விடைகூறும் உரிமையுடையார் ஒருவரும் இலர்; பங்காளிகளோ பல நாட்டினர். பணம் கொடுக்கப்படவில்லை, குதிரையும் மீளவில்லை, அதன் உடலும் கிடைத்திலது. பணம் கொடாமை பிழையென்பது ஈண்டுக் கருத்தன்று; கொடுப்பின் அது பிற களவுகட்கு வழியாகும் என்பதும் நியாயமே. இடர் வந்துழித் தனக்கென நின்று பேசுவார் ஒருவரைப் பங்குக் குதிரை பெறுதல் அரிது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இவ்விரண்டையும் தூக்கி நோக்குமிடத்து, பங்கிடத்தக்கது எது, பங்கிடலாகாதது எது எனப் பகுத்துணர்தல் வேண்டும். பாண்டியன்முன் குதிரைகளை நிறுத்திய பெருமான் கயிறு மாறிக் கொடுத்தருளினன் என்று புராணம் கூறும். கயிறு மாறியபின் குதிரைக்கு வரும் நன்மை தீமைகள் கொண்டவனையே சாரும் என்பது குதிரை வாணிகர் மரபு. பதின்மர் ஒரு கயிற்றைச் சேர்ந்து பற்றலாம். அக்கயிற்றைப் பத்தாக அறுத்துப் பங்கிட்டாலோ, ஒரு துண்டும் குதிரையைக் கட்ட உதவாது. செலவும் ஊதியமும் பணமாகலிற் பகுக்கப்படும். காக்கும் கடப்பாடு கயிறு போல்வது, அது பகுக்கப்படாது.

சித்தாந்த நூற்றுணிபும் இதுவே. உயிர்கள் பல, குதிரையும் வினைக்கீடாக உடம்பெடுத்து நம்மோடு ஒப்பப் பசு எனப்படும் ஓர் உயிரே. வினையோ செய்தாரையே தனித்தனி சென்று பற்றுவது. பதின்மர் கூடி ஓருயிரைப் பட்டினியிட்டால், ஒவ்வொருவரும் பத்திலொரு கூறே பட்டினியிட்டார் ஆகார். ஒவ்வொருவரும் ஓருயிரையே பட்டினியிட்டார் ஆவர். உலகியற் சட்டமும் ஓராற்றான் இதனை உணர்ந்துளது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932, கூட்டு வணிகத்தின் கடனுக்குக் கூட்டாளிகள் சேர்ந்தும் தனித்தனியும் பொறுப்பாவர் என விதிக்கும். வெறும் கூட்டுடைமை அச்சட்டத்தின்பாற் படாதேனும், அதன் நியாயம் கொள்ளத்தக்கது. கடன் கொடுத்தவன் நீதிமன்றம் ஏற வல்லன்; வாயில்லா உயிர்க்கு அவ்வழியும் இல்லை. ஆகலின் அதன்பால் உள்ள கடன் பின்னும் பெரிது.

அற்றேல், பிறர் கொடாத பங்கையும் ஒருவனே சுமத்தல் நீதியோ எனின், கூறுதும். பங்காளிகள் தம்முட் கணக்கைப் பின்னர்த் தீர்த்துக்கொள்ளலாம். பசி அதுகாறும் பொறாது. முதலில் தீனி இடுக, பின்னர் வழக்கிடுக.

இன்னும் ஒன்று. பந்தயக் குதிரை இரண்டு அகவையில் ஓடத் தொடங்கும். பெரும்பாலும் பத்து அகவைக்கு முன்னரே அதன் ஓட்டம் ஓயும். ஆயுளோ இருபத்தைந்து ஆண்டினை எட்டுதலும் உண்டு. ஓட்டத்தோடு கூட்டு முடியும், உயிர் முடியாது. அமெரிக்காவில் உடன்பயின்ற நண்பர் சிலரும் பிறரும் பங்குகொண்ட ஃபன்னி சைட் என்னும் குதிரை, 2003-இல் கென்டக்கி டெர்பியில் வென்றது. விதையடிக்கப்பட்டதாகலின் ஓட்டத்தின்பின் அதனால் வரும் ஊதியம் சிறிதே. எனினும் 2007-இல் ஓய்வுபெற்ற அக்குதிரை, பின்னர்க் கென்டக்கிக் குதிரைப் பூங்காவிற் பேணப்பட்டு 2023 வரை வாழ்ந்தது. பங்குடைமையால் அறம் கெடுதல் ஒருதலையன்று என்பதற்கு இதுவே சான்று.

ஆகலின் பங்குகொள்ளப் புகுவார் முதலில் எழுதிக்கொள்ளற்பாலன மூன்று. குதிரை நோயுற்ற பொழுது உடனே முடிவு கூறுவார் யாவர்? வென்ற பரிசிற் குதிரையின் முதுமைக்கு ஒதுக்குவது எவ்வளவு? ஓட்டம் ஓய்ந்தபின் அதனை ஏற்பார் யாவர்? இவற்றிற்கு விடை எழுதாதார் இலாபத்தில் மட்டும் பங்கு கொண்டாராவர். முழுக்குதிரையையும் காக்கும் நெஞ்சுடையார்க்கே அதன் பத்திலொரு பங்கும் உரித்து என்பது துணிபு.