இறங்க வழியில்லாத வண்டி

ஆம்பூரைத் தாண்டி மாதனூரை நெருங்கும் இடத்தில் சாலையோரமாக ஒரு மினி லாரி நின்றிருந்தது. சித்திரை மாதம், பிற்பகல் இரண்டு மணி. பின்சக்கரம் ஒன்று உள்வாங்கி, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆக்சில் உடைந்துவிட்டது என்றார் டிரைவர். மேலே இரண்டு குதிரைகள். முதல்நாள் இரவு வாணியம்பாடியில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன.

வெள்ளைக் குதிரையின் நெற்றியில் ஊர்வலத்து ஜிகினா இன்னும் ஒட்டியிருந்தது. கழுத்தில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. தட்டு சாய்ந்திருந்ததால் பள்ளத்துப் பக்க முன்னங்காலில் பாரம் முழுவதையும் தாங்கி நின்றது. பெரிய லாரி ஒன்று கடக்கும்போதெல்லாம் வண்டி குலுங்கும்; அந்தக் கால் முட்டியிலிருந்து குளம்பு வரை நடுங்கும். கீழே விழுந்தால் எழ இடமில்லை என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

"இறக்கி அந்தப் புளியமரத்துக்கிட்ட கட்டிடலாமே?" என்று கேட்டேன்.

"எப்படி சார் இறக்குறது? மேடு வேணுமே" என்றார்.

அன்றுவரை நான் யோசித்துப் பார்க்காத விஷயம் அது. நம் ஊரில் மாட்டையோ குதிரையையோ ஏற்றும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வுப் பலகை கிடையாது. ஏரிக்கரை, வரப்பு, மண்மேடு என்று எங்காவது வண்டியைப் பின்னால் கொண்டுபோய் அணைத்து நிறுத்தி, தட்டும் தரையும் சமமானதும் நடத்தி ஏற்றுவார்கள், இறக்குவதும் அப்படித்தான். வண்டி ஓடும்வரை இதில் குறையே தெரியாது. ஓடாத வண்டியை எந்த மேட்டுக்கும் கொண்டுபோக முடியாது. வண்டி நின்ற அந்த நிமிடமே அது கூண்டாகிவிடுகிறது.

இன்சூரன்ஸ் பாலிசியோடு வழித்துணை உதவியும் சேர்த்து எடுத்திருந்தார்கள். டிரைவர் போனை ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் பேசிய பெண் மரியாதையாகவே பேசினார். லோடு என்ன என்று கேட்டார். "குதிரைங்க மேடம், ரெண்டு." சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "லோடை இறக்கிட்டுக் கூப்பிடுங்க சார், டோ வண்டி அனுப்பிடறோம்" என்றார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முன்னால் இருந்த படிவத்தில் உயிருக்கு ஒரு கட்டம் இல்லை.

வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று இருந்தது. பாலித்தீன் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்னும் ஏழு மாதம் பாக்கி. புதுச் சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டு, எட்டு வயதாகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்பது விதி. பரிசோதிக்கும் அதிகாரிக்கு மோட்டார் வாகன ஆய்வாளர் என்று பெயர் இருந்தாலும் மக்கள் வாயில் அவர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்'தான். பிரேக், விளக்கு, டயர், புகை, ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் பார்க்கப்படும். எஃப்.சி.க்கு 'காட்டுவது' என்றுதான் நாம் சொல்கிறோம். அந்தச் சொல்லே நடப்பைச் சொல்லிவிடுகிறது: புதுப் பெயின்ட், இரவல் டயர், அன்று மட்டும் எரியும் விளக்கு. எல்லோரும் இப்படிச் செய்வதில்லை. செய்கிறவர்கள் யார் என்று ஒவ்வொரு லாரி ஷெட்டுக்கும் தெரியும்.

ஒழுங்காக நடக்கும் பரிசோதனையிலும் வண்டியின் தரையைப் பெயர்த்துப் பார்ப்பவர் அரிது. குதிரையும் மாடும் தரையில்தான் பயணம் செய்கின்றன. மூத்திரம் பலகை இடுக்கில் இறங்கி மரத்தை அடியிலிருந்து மக்க வைக்கிறது, கீழுள்ள தகரத்தைத் துரு தின்கிறது. மேலே கோணியோ ரப்பர் விரிப்போ கிடப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 400 கிலோ எடையுள்ள ஒரு குதிரை, உள்ளங்கை அகலக் குளம்புகள் நான்கில் அத்தனை பாரத்தையும் ஊன்றி நிற்கிறது. பிரேக் போட்டால் முன்னங்கால், வளைவில் பக்கவாட்டு என்று வழி முழுவதும் அது நின்றபடியே வேலை செய்கிறது. மக்கிய பலகை உடைவது அப்போதுதான். கால் உள்ளே இறங்கினால் அந்தக் கதை அங்கேயே முடியும்.

விலங்குகளை எப்படி ஏற்றிச் செல்ல வேண்டும் என்பது சட்டத்தில் எழுதப்படாமல் இல்லை. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் குதிரைக்கென்றே தனியாகப் பேசுகின்றன: சாதாரணச் சரக்கு வண்டியானால் தரையில் வழுக்காத விரிப்பு, ஒவ்வொரு குதிரைக்கும் இடையில் குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில், பின்னால் விழாமலிருக்க இரண்டு வலுவான கட்டைகள், எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி தலை இடப்புறம், கூடவே ஒரு பராமரிப்பாளர், வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இதை எழுதியவர் குதிரையோடு பழகியவராக இருக்க வேண்டும். 2016 ஜனவரி முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் ஒரு பிரிவு சேர்ந்தது. கால்நடை ஏற்றும் வண்டியில் நிரந்தரத் தடுப்புகள் வேண்டும். மாட்டுக்கு 2 சதுர மீட்டர், குதிரைக்கு 2.25, ஆட்டுக்கு 0.3. நம் 'குட்டி யானை' சரக்கு வண்டியின் தட்டு ஏறக்குறைய ஏழடிக்கு ஐந்தடி. கணக்குப் போட்டால் அதில் ஒரே ஒரு மாடு ஏறலாம். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தையிலிருந்து வெளியே வரும் வண்டிகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

தை பிறந்துவிட்டால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் எருது விடும் விழா. 2017இல் இதை அனுமதித்துத் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. களத்தில் கால்நடை மருத்துவர் நிற்கிறார், தடுப்புக் கட்டைகள் நிற்கின்றன. பிள்ளைபோல் வளர்த்த காளைக்கு மாடு வளர்ப்பவர் செலவு பார்ப்பதில்லை. அதே காளை விடியற்காலையில் வாடகை வண்டியொன்றில் மூக்கணாங்கயிறு இறுக அறுபது எழுபது கிலோமீட்டர் வருகிறது. களத்தில் கிடைக்கும் கவனிப்பில் கால்பங்கு வழியில் கிடைத்தால்கூடப் போதும்.

இந்தச் சாலையில் பழுது என்பது என்ன விலை கேட்கும் என்பதை ஆம்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 செப்டம்பர் 11 அதிகாலையில், நாட்றம்பள்ளி அருகே ஒரு வேன் பழுதாகி நின்றது. ஆம்பூரை அடுத்த ஓணாங்குட்டையிலிருந்து கர்நாடகத்துக்குச் சுற்றுலா போய்த் திரும்பியவர்கள். இறங்கி வேனுக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி வேனில் மோதியது. ஏழு பெண்கள் இறந்தார்கள். மனிதர்கள் இறங்கினார்கள், இறங்கிய இடத்தில் பாதுகாப்பு இல்லை. குதிரைக்கு இறங்கவே வழியில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வண்டி நின்ற பிறகு என்ன செய்வது என்பதை நாம் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

பிரிட்டனில் குதிரை வண்டிகளுக்கென்றே தனி உதவித் திட்டங்கள் உண்டு. வண்டி நின்றுவிட்டால் அதை இழுத்துச் செல்வதோடு, குதிரையை வேறு வண்டியில் ஏற்றி லாயத்தில் சேர்ப்பதும் அதில் அடங்கும். அவ்வளவு பெரிய ஏற்பாட்டை இன்றே கேட்கவில்லை. நெடுஞ்சாலை ரோந்துக்கு 1033 என்ற எண் இருக்கிறது. கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 இருக்கிறது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் ஒன்று, வாணியம்பாடியில் ஒன்று என்று மடக்கும் சாய்வுப் பலகை இரண்டை வாங்கி வைத்தால் பாதித் துன்பம் குறையும். கால்நடை ஏற்றும் வண்டிக்கு எஃப்.சி. கொடுக்கும்போது விரிப்பைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும், சாய்வுப் பலகை வண்டியோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 'லோடை இறக்கிவிட்டு' என்ற நிபந்தனையிலிருந்து உயிருள்ளவற்றை இன்சூரன்ஸ்காரர்கள் விலக்க வேண்டும்.

இதைத் தோல் தொழில்காரர்களின் லாபக் கணக்காகவும் சொல்லலாம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் ஒருமுறை எனக்கு ஒரு தோலை விரித்துக் காட்டினார். சுண்ணாம்பில் ஊறி முடி கழன்ற பிறகு, பச்சைத் தோலில் தெரியாத கோடுகளெல்லாம் வெளியே வந்திருந்தன: பக்கத்து மாட்டின் கொம்பு கீறியது, ஆணி கிழித்தது, கயிறு அறுத்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தடவி, "இது வண்டியில பட்டது" என்றார். அந்தத் தோல் தரம் குறைந்து போனது. ஆனால் லாபத்துக்காக மட்டும் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாதனூரில் அன்று மாலை ஐந்து மணிக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் டிராக்டரில் மண் கொண்டுவந்து வண்டிக்குப் பின்னால் கொட்டினார். மண்வெட்டியால் சரித்து, மேலே வைக்கோல் பரப்பினார்கள். வெள்ளைக் குதிரை இறங்கியதும் நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. பழுப்புக் குதிரையின் பின்னங்கால் தட்டுக்கும் மண்ணுக்கும் இடையே நழுவி, முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. டிராக்டர்க்காரர் காசு வாங்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொய்கையில் மாடு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை பேசுவதற்கு முன் வண்டியில் ஏறி, கோணியைத் தள்ளிவிட்டு, தரைப் பலகையை நான்கு மூலையிலும் அழுத்தி மிதித்துப் பாருங்கள். பிறகு டிரைவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வழியில் நின்றுவிட்டால் இதை எப்படி இறக்குவீர்கள்? பதில் இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.