பைத்துல் மாலும் ஆயிரம் ரூபாயும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



சென்ற வாரம் ஃபஜ்ருக்குப் பின் ஆவடியில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். "எங்க வரிப் பணத்தை எடுத்து ஆயிரம் ஆயிரமா கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று ஒருவர் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் சண்டைக்கே வந்துவிட்டார். மிம்பரில் நான் கட்சி பேச மாட்டேன். ஆனால் இந்த விஷயத்தில் மார்க்கம் மௌனமாக இல்லை.

2021-ல் மாநில அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. மறு ஆண்டு பிரதமர் இலவசக் கலாச்சாரத்தைக் கண்டித்தார். தமிழகக் கட்சிகள் இது இலவசமல்ல, நலத்திட்டம் என்றன. 2023 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகையும் தொடங்கியது. கடனைப் பற்றிக் கேள்வி கேட்பது குற்றமல்ல. ஆனால் 'எங்க வரிப் பணம்' என்கிறோமே, அது யாருடைய பணம்? அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போகும் அந்த ஒப்பந்தத் தொழிலாளிச் சகோதரி செருப்பு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டித்தான் வாங்குகிறார்.

உமர் (ரலி) அவர்கள் பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டும் பைத்துல் மாலிலிருந்து உதவித்தொகை என்று விதி வைத்திருந்தார்கள். ஓர் இரவு மதீனாவில் வணிகக் கூட்டம் ஒன்று தங்கியிருந்தது. அவர்களுக்குக் காவலாகச் சுற்றி வந்தபோது, ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் காரணம் கேட்டார்கள். கேட்பவர் கலீஃபா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உமர் பால் மறந்த பிள்ளைக்குத்தான் தருகிறார், அதனால் சீக்கிரம் பால் மறக்கடிக்கிறேன் என்றார். அன்று ஃபஜ்ரில் அழுகையால் அவர்கள் ஓதுவதே மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும் பிறந்த நாளிலிருந்தே உதவித்தொகை என்று அறிவித்தார்கள். ஒரு நிபந்தனை ஏழையின் வீட்டில் என்ன செய்கிறது என்று இரவில் நடந்து போய்ப் பார்த்த ஆட்சியாளர் அவர்.

இப்போது நம் பக்கம் வருவோம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார் இருக்கக் கூடாது. இதெல்லாம் படிவத்தில் இருந்தது. காரை மச்சான் பெயரில் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் நம்மில் இல்லையா? கடையில் "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பவர் இல்லையா?

கைபர் போருக்குப் பின் நபி (ஸல்) அவர்களின் பணியாளர் ஒருவர் அம்பு தைத்து இறந்தார். ஷஹீத் என்று தோழர்கள் வாழ்த்தினார்கள். நபியவர்கள் மறுத்து, பங்கிடும் முன் பொதுப்பொருளிலிருந்து அவர் எடுத்த போர்வை நெருப்பாக எரிகிறது என்றார்கள். அதைக் கேட்டு ஒருவர் ஓடிப்போய்த் தான் எடுத்திருந்த செருப்பு வாரைக் கொண்டுவந்து வைத்தார். வெறும் வார், சகோதரர்களே! அதையும் நெருப்பு என்றுதான் சொன்னார்கள்.

தகுதியில்லாமல் வாங்குபவர் இந்த மாதமே நிறுத்த எழுதிக் கொடுங்கள். தகுதி இருந்தும் விடுபட்ட சகோதரிகள் நம் மஹல்லாவில் உண்டு. அவர்களுக்கு மனு எழுதித் தர, தொழுகைக்குப் பின் நம் இளைஞர்கள் வராந்தாவில் இருப்பார்கள். ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.