‘இஸம்’ என்னும் விகுதி

அரபி பயின்ற செவிக்கு ஆங்கில ‘இஸம்’ உடனே ‘இஸ்ம்’ என்னும் சொல்லை நினைவூட்டும். அரபியில் அதற்குப் ‘பெயர்’ என்பது பொருள். இரண்டுக்கும் உறவேதுமில்லை, எனினும் ஆங்கில விகுதி செய்வதும் பெயர் சூட்டுகின்ற வேலைதான்.

அதன் பிறப்பிடம் கிரேக்கம். அங்கே ‘இஸ்மோஸ்’ என்பது வினையிலிருந்து பெயராக்கும் விகுதி. ‘பாப்டிஸம்’ என்பது நீரில் முழுக்குதல் என்னும் செயலைக் குறித்தெழுந்ததே. லத்தீன், பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தபின், கொள்கையைக் குறிப்பது அதன் பெருவழக்காயிற்று; மனிதர் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. தமிழில் நாம் மார்க்சியம், காந்தியம் என்கிறோம். காந்தியடிகளோ, தம் பெயரால் ஓர் ‘இஸம்’ இல்லையென 1936இல் மறுத்துரைத்தார்.

இவ்வாறே ஐரோப்பியர் நம் மார்க்கத்தை ‘முகம்மதனிஸம்’ என்றனர். 1954 வரை வில்லியனூரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் மொழியில் அது ‘மஹோமெத்திஸ்ம்’. நாயகம் (ஸல்) அவர்களை நாம் உயிரினும் மேலாக நேசிக்கிறோம், வணங்குவதில்லை. ‘இஸ்லாம்’ என்பதோ ‘அஸ்லம’ என்னும் வினையின் மஸ்தர், அதாவது தொழிற்பெயர். இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல் என்பது பொருள். ஒரு செயலின் பெயரை ஓர் ஆளின் பெயராக மாற்றியதே அவ்விகுதி செய்த பிழை. அப்பெயர் நம்மவரிடமும் வேரூன்றியது. அலிகாரில் 1875இல் தோன்றிய கல்வி நிலையம் ‘முகம்மதன்’ என்றே பெயர் தாங்கிற்று. 1920இல்தான் அது ‘முஸ்லிம்’ பல்கலைக்கழகமாயிற்று.

பிறர் சூட்டிய பெயரின் வருத்தத்தை அறிந்த நாம், பிறருக்குச் செய்வதென்ன? அரபியிலும் ‘இய்யா’ என்றொரு விகுதியுண்டு. மனிதன் ‘இன்ஸான்’, மனிதத் தன்மை ‘இன்ஸானிய்யா’. இத்துணை அழகிய விகுதியைக் கொண்டே ‘வஹ்ஹாபிய்யா’ என்ற சொல்லும் ஆக்கப்பட்டது. முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபைப் பின்பற்றியோர் தம்மை ‘முவஹ்ஹிதூன்’ என்றே அழைத்துக்கொண்டனர்; மற்றப் பெயர் எதிர்த்தோர் இட்டது. இன்று ஜமாஅத்துக்குள் சிறு கருத்து வேற்றுமை எழுந்தாலும் அச்சொல்லை எறிகிறோம். எதிர்த் தரப்பும் தன் பங்குக்கு ஒரு பட்டத்தை எறிகிறது. சொந்தச் சகோதரர் இருவர் ஸலாமையும் மறந்து நிற்கின்றனர்.

தவறெனக் காண்பதை மறுக்கக்கூடாதா எனில், மறுக்கலாம். கருத்தை எடுத்துரைத்து, சான்று காட்டி மறுக்கலாம். பட்டமோ அவ்வுழைப்பை நமக்கு மிச்சப்படுத்துகிறது; அதனாலேயே அது இனிக்கிறது. பட்டப்பெயரால் ஒருவரையொருவர் இழித்தழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் விலக்குகிறது. ஒருவர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கிறாரோ, அப்பெயரால் அவரை அழைத்துவிட்டு வாதத்தைத் தொடங்குவோம். நமக்கு நாம் கேட்ட நீதி அதுவேயன்றோ?